மேல்தாள்

ராமசுப்புவின் மகள் தீபலட்சுமிக்குப் பத்தாம் வகுப்போடு பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் படித்ததெல்லாம் காதால் படித்ததுதான். பி.ஏ. வரைக்கும் கூடப் படித்த பிள்ளைகள் வாசித்துக் காட்டினார்கள். எம்.ஏ. சரித்திரம் சேர்ந்த பிறகு ஒரு டிரஸ்டில் பழைய கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் கொடுத்தார்கள். புத்தகத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தால் பக்கம் படமாக உள்ளே போகும். படத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுத்து, கம்ப்யூட்டர் வாய்விட்டு வாசிக்கும். இங்கிலீஷ் மட்டும்தான், தமிழ் அதற்கு வராது.

கவிழ்த்து வைக்கிற வேலை ராமசுப்புவுடையது. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் இருபத்தாறு வருஷமாகக் கணக்கப்பிள்ளை. எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, கரண்ட் எப்போது போனது என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு செய்வார்.

2005 மார்ச் கடைசியில், பரீட்சைக்குப் பதினாறு நாள் இருக்கும்போது, அவளுடைய பேராசிரியர் ஜெயகிருஷ்ணன் திருநெல்வேலியிலிருந்து தம் சொந்தப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். இப்போது அச்சில் இல்லை. ஒரு பரீட்சைக்கான பாடம் முழுக்க அதற்குள்தான் இருந்தது. கண் தெரியாத பிள்ளைகளுக்கென்றே அவர் தம் அலமாரியைத் திறந்துவிட்டிருந்தார். ஒருவர் முடித்ததும் புத்தகம் அடுத்தவருக்குப் போகும்.

அது தடித்த, தையல் போட்ட புத்தகம். எவ்வளவு அழுத்தினாலும் நடுவில் பள்ளம் விழுந்தது. பள்ளத்து நிழலில் கிடந்த எழுத்தைக் கம்ப்யூட்டர் கன்னாபின்னாவென்று வாசித்தது.

"வரிக்கு ஒரு வார்த்தை போயிருதுப்பா. என்ன சொல்லுதுன்னே வெளங்கல."

"அமுக்கித்தானட்டி பிடிக்கேன்."

"இன்னும் அமுக்குனா கண்ணாடி பொளந்துரும். பிறகு இதையும் சேத்து வீட்ல ரெண்டு குருடு."

அவர் சிரிக்கவில்லை. நாலு நாளில் உருப்படியாகத் தேறியது முப்பத்தெட்டுப் பக்கம்.

"முதுகை வெட்டித் தனித்தனித் தாளா ஆக்கிட்டா படுத்துக்கிடும். பிறகு பைண்டிங் போட்டுக் குடுத்துருவோம்."

"சார்ட்ட கேக்காம அதுல கை வைக்காதீங்க."

கேட்கத்தான் போன் செய்தார்கள். சார் வெளியூர் போயிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார் என்றார்கள். அன்று வியாழன். ராமசுப்பு மிச்சமிருந்த நாட்களைப் பக்கங்களால் வகுத்துப் பார்த்தார். மறுநாள் காலையில் மகளிடம் சொல்லாமல் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தீப்பெட்டி லேபிள் அடிக்கிற பிரஸ்ஸுக்குப் போனார்.

கட்டிங் மிஷினில் நின்ற மாயகிருஷ்ணன் அவரைத் தினமும் பார்க்கிறவன்.

"என்ன அண்ணாச்சி, லேபிள் கட்டு வாங்க வருவீய, இன்னைக்குப் பொஸ்தகத்தத் தூக்கிட்டு வாரீய. தீப்பெட்டி ஆபீசுல பள்ளிக்கூடம் தொறந்துட்டாவளா?"

"முதுகை மட்டும் எடுத்துவிடப்பா. தாள் தாளாப் பிரியணும்."

அவன் அட்டையைப் பிரித்து எடுத்துவிட்டு ஓரத்தைத் தடவினான். "தையல் உள்ள தள்ளி ஓடுது. அதத் தாண்டி வெட்டுனாத்தான் பிரியும்." மேலே இருந்த தாளைப் பார்த்தான். "எடம் தாராளமாக் கெடக்கு. அரை இஞ்சு எடுக்கட்டா?"

ராமசுப்புவும் பார்த்தார். மேலே இருந்தது புத்தகத்தின் பெயர் போட்ட பக்கம். நடுவில் நாலே வரி, சுற்றிலும் வெறும் வெள்ளை. லேபிள் கட்டில் மேல்தாள் எப்படியோ, ஐந்நூறாவது தாளும் அப்படியேதான் இருக்கும். இத்தனை வருஷமும் மேல்தாளைப் பார்த்துத்தான் அவர் கட்டுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கினார். மாயகிருஷ்ணனும் மேல்தாளைப் பார்த்துத்தான் வெட்டினான்.

"எடு," என்றார்.

கத்தி ஒரே இறக்கில் இறங்கியது. மாயகிருஷ்ணன் கழிவைத் தள்ளப் போனவன், அதைக் கையிலெடுத்துப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இதுல எழுத்து இருக்கு."

ராமசுப்பு தாள்களைப் புரட்டினார். முதல் நாலு தாளுக்குச் சேதமில்லை. அப்புறம் ஒரு பக்கத்தில் வரிகளின் தலை போயிருந்தது, மறுபக்கத்தில் வால். கடைசித் தாள் வரைக்கும் அப்படியே. வெட்டிய துண்டு பழைய பசையில் இறுகிக் கட்டையாகக் கிடந்தது. நகத்தால் நெம்பினால் தூளாக உதிர்ந்தது.

"எடுக்கச் சொன்னது நீங்கதான?" என்றான் மாயகிருஷ்ணன், மெதுவாக.

"நாந்தான்."

வீட்டுக்கு வந்து சொன்னார். தீபலட்சுமி தாள்களை மடியில் வாங்கி, வெட்டிய ஓரத்தில் விரலை ஓட்டினாள். வழவழவென்று இருந்தது.

"ஒண்ணை வச்சுப் பாருங்க."

தாள் கண்ணாடியில் அழகாகப் படுத்தது. நிழலே இல்லை. கம்ப்யூட்டர் அரைகுறை வார்த்தைகளைத் தயங்காமல் வாசித்துக்கொண்டே போனது. பக்கம் முடிகிற வரைக்கும் கேட்டாள்.

"நேத்து வரைக்கும் நிழலுக்குள்ளயாவது இருந்துச்சு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாரே கூப்பிட்டார். அவள்தான் போனை எடுத்தாள்.

"புத்தகத்த வெட்டிட்டோம் சார். எழுத்தோட போயிருச்சு. நான்தான் வெட்டச் சொன்னேன்."

ராமசுப்பு ஒரு கை தூரத்தில் நின்றார். ரிசீவரை வாங்க எழுந்த கை பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் சார் பேசியது அவருக்கும் கேட்டது.

"வேற எம் புத்தகம் ஏதும் உன்கிட்ட இருக்காம்மா?"

"இல்ல சார்."

"சரி. இனிமே யாருக்கும் குடுக்கிறதா இல்ல. நீ நல்லா எழுது."

போனை வைத்தாள்.

"அப்பான்னு சொல்லியிருக்கலாம்லட்டி," என்றார் ராமசுப்பு.

"நீங்களே சொல்லியிருக்கலாம்ப்பா. பக்கத்துலதான நின்னீங்க."

மறுநாள் ஓர் இன்லேண்டு லெட்டர் வாங்கி, நடந்ததை நடந்தபடி எழுதிப் போட்டார். பதில் வரவில்லை. அந்த முப்பத்தெட்டுப் பக்கத்தை மட்டும் கேட்டுப் படித்திருந்த பரீட்சைக்கு அவரே அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒரு பிள்ளையைக் கல்லூரியில் ஏற்பாடு செய்திருந்தார்கள். மூன்று மணி நேரப் பரீட்சை. ராமசுப்பு வெளியே வெயிலில் நின்றார். ஒரு மணி நேரம் முடிந்ததற்கான மணி அடித்துக் கொஞ்ச நேரத்திலேயே தீபலட்சுமி சுவரைத் தடவிக்கொண்டு படியிறங்கி வந்தாள்.