‘சன்’ என்ற சொல்லுக்கு ஜோடி

சாயங்காலப் பத்திரிகை வந்ததும் எங்கள் கிரிம்ஸ்பியில் ஆண்கள் கால்பந்துப் பக்கத்தைத் திறப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். ஆணும் பெண்ணும் முதலில் திறப்பது நினைவஞ்சலிப் பக்கத்தைத்தான். யார் செத்தார்கள் என்று பார்க்க இல்லை, அது எப்படியும் காதுக்கு வந்துவிடும். போனவர்களுக்கு வருஷா வருஷம் நாலு வரிப் பாட்டுப் போட்டு அடியில் வீட்டார் பெயரைப் போடுவார்களே, அதில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று பார்ப்பதற்கு. ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தத் தெருவுக்கு ஒரு வாரத்துக்கு மெல்ல அவல் கிடைத்துவிடும்.

எங்கள் வீட்டுப் பாட்டின் அடியில் ஸ்டூவர்ட்டின் பெயர் வந்ததே இல்லை.

ஸ்டூவர்ட் என் தம்பி. கிரெய்க் அவனுக்கும் இளையவன், வீட்டுக்குக் கடைக்குட்டி. ஒரு மார்ச் மாத மழையில் ஸ்டூவர்ட் ஓட்டிய கார் ஹம்பர்ஸ்டன் வளைவில் மரத்தில் மோதியது. அவன் குடித்திருக்கவில்லை, வேகம் மட்டும்தான். அவனுக்கு விலா எலும்பு முறிந்தது. பக்கத்து சீட்டில் இருந்த கிரெய்க் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான். பத்தொன்பது வயது.

அம்மா ஸ்டூவர்ட்டை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அடுத்த மார்ச்சில் பத்திரிகையில் பாட்டு வந்தது, அடியில் ‘அம்மா, ஜில்’ என்று மட்டும் இருந்தது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். ஸ்டூவர்ட் சமையலறையில் நின்றபடியே அதைப் படித்தான், பெட்டியைக் கட்டினான், ஹம்பர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹல் நகருக்குப் போய்விட்டான். அங்கேயே கல்யாணம், அங்கேயே பெண் குழந்தை. ஆனால் ஒவ்வொரு மார்ச்சிலும் அந்த ஒரு நாள் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வருவான். முதல் பெட்ரோல் பங்கில் பத்திரிகை வாங்கி, காரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிவிடுவான். இது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும், நான்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டே உருளைக்கிழங்கு உரித்தாள்.

என் அம்மா பெரில் எங்கள் தெருவுக்கே பாட்டெழுதுகிறவள். பத்திரிகை ஆபீஸ் கவுண்டரில் தயாரான பாட்டுகள் அடங்கிய புத்தகம் ஒன்று உண்டு, நம்பரைச் சொன்னால் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுவிடுவார்கள். அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. “செத்தவனுக்கு ரெடிமேட் சட்டையா மாட்டுவாங்க?” என்பாள். அதனால் துக்கம் நடந்த வீடுகளிலிருந்து ஒரு பாட்டில் ஷெர்ரியோ காகிதத்தில் சுற்றிய ஹாடக் மீனோ எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

அவளுக்கு ஒரே சட்டம்தான். வரிகளின் கடைசிச் சொற்கள் முழு இயைபாகச் சேர வேண்டும், சத்தம் அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும். கிட்டத்தட்ட ஒத்துப்போகிற அரை இயைபு என்றால் அவளுக்கு எரிச்சல் வரும். “அளவு தெரியாம வாங்கின செருப்பு அது. நடக்கலாம், ஆனா ஊரே காலைத்தான் பாக்கும்.” ரேடியோவில் பாட்டு ஓடும்போது ஒரு சொல் சரியாகச் சேராவிட்டால், பாடுகிறவன் எதிரில் நிற்பதுபோல “சோம்பேறி!” என்று கத்துவாள்.

இந்த வருஷம் அவளே மாட்டிக்கொண்டாள்.

கிரெய்க்குக்கான பாட்டில் இரண்டாவது வரி எப்போதும் ‘சன்’ என்றுதான் முடியும். மகன். நாலாவது வரியில் அதற்கு ஜோடி வேண்டும். ‘வன்’ வந்தாயிற்று, ‘டன்’ வந்தாயிற்று, ‘பிகன்’, ‘ரன்’, ‘ஃபன்’ எல்லாம் ஆயிற்று. ஒரு வருஷம் ‘நன்’ போட்டு, ஒருவரும் இல்லை என்ற அர்த்தத்தில் முடித்திருந்தாள். அதைப் படித்துவிட்டு ஸ்டூவர்ட் மூன்று மாதம் எனக்குப் போன் செய்யவில்லை. ஒரு முறை போட்ட ஜோடியை மறுபடி போடுவது என்பது அம்மாவிடம் நடக்காது.

மீன் ஃபேக்டரி ஷிஃப்ட் முடிந்து நான் வந்தபோது சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தாள். டீ ஆடை கட்டிப்போயிருந்தது.

“ஏண்டி, இன்னும் என்னதான் மிச்சம் இருக்கு?”

“பன் இருக்கு. வெண்ணெய் தடவி வெச்சிருக்கேன், வந்து சாப்பிடு மகனேன்னு எழுது.”

“வாயில போடுவேன். மேல சொல்லு.”

“கன்.”

“துப்பாக்கியா? பையன் போர்லயா செத்தான்?”

“சூரியன்? அதுவும் சன்தானே.”

“அது ஜோடி இல்லடி. ஒரே ஆளு தொப்பிய மாத்திட்டு ரெண்டாவது தரம் வர்றது அது. ஏமாத்து வேலை.”

“அப்ப அரை இயைபுதான் வழி. ‘மம்’, ‘யங்’, ‘கம்’...”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் டீ சூடாகியிருக்கும்.

எனக்கு வேறொரு காரியம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டூவர்ட் போன் செய்திருந்தான். “டெய்சிக்குப் படிக்க வந்துடுச்சு, ஜில். போன வருஷப் பேப்பர் கார்லயே கிடந்துது. அதை எடுத்துப் படிச்சுட்டு, ‘கிரெய்க் சித்தப்பாவ உனக்குப் பிடிக்காதாப்பா’ன்னு கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல? அம்மாகிட்ட கேளேன். ஒரே ஒரு தடவ போடச் சொல்லு. அப்புறம் கேக்கவே மாட்டேன்.” அவன் குரல் உடைந்துபோய் இருந்தது. நாற்பதை நெருங்குகிற ஆள் தன் பெயருக்காகப் பிச்சை கேட்கிறான். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். டெய்சி கேட்டதையும் சொன்னேன்.

அவள் பென்சிலை மேஜையில் உருட்டினாள். “இடமில்ல” என்றாள்.

“ஒரு பேருக்கு எவ்வளவும்மா இடம் வேணும்?”

“பேப்பர்லன்னா சொன்னேன்?” அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “அவன் பேரப் போட்டா மன்னிச்சுட்டேன்னு அர்த்தம். ஊரே அப்படித்தான் படிக்கும். அது எனக்குள்ள வரலடி. வந்தா போடமாட்டேனா? தினமும் பாக்குறேன், வரல. வராதத வந்துதுன்னு எழுதச் சொல்றியா? பொய் எழுதுறதும் அரைகுறையா முடிக்கிறதும் எனக்கு ஒண்ணுதான்.”

நான் எழுந்து பாத்திரங்களை இரைச்சலாகக் கழுவினேன். அவள் சொன்னது நேர்மைதான். அந்த நேர்மையைக் கொண்டுபோய் டெய்சியிடம் யார் சொல்வது?

மறுநாள் காலை மூன்று வரிகளோடு என்னை அனுப்பினாள். பத்திரிகை ஆபீஸில் மத்தியானத்துக்குள் கொடுத்தாக வேண்டும். கடைசி வரி கிடைத்ததும் கவுண்டருக்குப் போன் செய்வதாகச் சொல்லியிருந்தாள். நான் அங்கே போட்டிருந்த நாற்காலியில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் போன் வந்தது. கவுண்டர் பெண் என்னிடம் நீட்டினாள்.

“கிடைக்கல” என்றாள் அம்மா. அவள் குரல் அப்படிச் சோர்ந்து நான் கேட்டதில்லை. “இந்த வருஷம் வேண்டாம், விட்டுடு.”

“விட்டுடுறதா? கிரெய்க்குக்குப் பாட்டே இல்லாமலா?”

“இல்லாமத்தான்.” வைத்துவிட்டாள்.

கவுண்டர் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். “போடணுமா வேண்டாமா, கண்ணு?”

நான் மூன்று வரிகளையும் பார்த்தேன்.

ஹம்பரில் அலை ஏறுகிறது, இறங்குகிறது,
இன்னும் உன் குரல் கேட்கிறது, என் மகனே;
உன் கோப்பை அதே ஆணியில் தொங்குகிறது.

பென்சிலை வாங்கி நாலாவது வரியை நானே எழுதினேன்.

கதவைத் தாழிடவில்லை, வா.

‘மகனே’ என்ற ‘சன்’னுக்கு ‘வா’ என்ற ‘கம்’. அரை இயைபு. அடியில் ‘அம்மா, ஜில், ஸ்டூவர்ட்’ என்று எழுதிக் கொடுத்தேன். நல்லதென்று நினைத்துத்தான் கொடுத்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம் பத்திரிகை அம்மாவுக்கு முன்னால் பக்கத்து வீட்டு ஷீலாவுக்குக் கிடைத்துவிட்டது. வேலிக்கு மேலாகத் தலையை நீட்டினாள். “என்ன பெரில், கடைசி வரி நொண்டுது? வயசாயிடுச்சா?” பிறகு குரலைத் தணித்தாள். “ஆனா அந்தப் பேர் போட்டியே, மனசு குளுந்துது.”

அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுப் பத்திரிகையைப் பிரித்தாள். நான் அடுப்போரம் நின்றேன். கண் நாலாவது வரிக்குப் போனதும் அவள் முகம் சிவந்தது. “‘கம்’மா? ‘சன்’னுக்குக் ‘கம்’மா? நாப்பது வருஷம் கட்டிக் காத்த மானத்த நாலு வரியில வாங்கிட்டியேடி!” பிறகு கண் இன்னும் ஒரு வரி கீழே இறங்கியது. அதற்கப்புறம் கத்தவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அம்மா...”

“நான் போட்டிருந்தா அது மன்னிப்பு, ஜில். நீ போட்டா அது வெறும் அச்சுப்பிழை.” மெதுவாகத்தான் சொன்னாள். “அவன் பாலத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து இதைப் படிப்பான். நான் போட்டேன்னு நெனப்பான். நாளைக்கு உண்மை தெரிஞ்சா? அன்னைக்கு ஒரு தடவ பெட்டியக் கட்டினான். இப்ப ரெண்டாவது தடவையும் நீ கட்ட வெச்சுட்ட.”

நான் அதை யோசிக்கவே இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்களே, அது என் கையாலேயே நடந்திருந்தது.

அப்போது கதவு தட்டப்பட்டது.

அவன் இந்த முறை பெட்ரோல் பங்கோடு திரும்பவில்லை. வாசலில் நின்றான், தலையில் நரை, கோட்டெல்லாம் மழை, கையில் மடித்த பத்திரிகை. அம்மா எழுந்து சமையலறை வாசல் வரை வந்தாள். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். அவன் காலைத் துடைத்துக்கொள்ளும் மிதியடியைக்கூடத் தாண்டவில்லை.

“படிச்சேம்மா” என்றான். “படிச்சதும் வண்டிய நேரா இங்க விட்டுட்டேன். ஹம்பர்ஸ்டன் கிட்ட வர்ற வரைக்கும் அழுதுட்டே வந்தேன். அந்த வளைவுல வண்டிய நிறுத்திட்டு மறுபடி படிச்சேன்.” பத்திரிகையைப் பிரித்தான். விரல் அந்த வரியில் போய் நின்றது. “கடைசி வார்த்தை சரியா சேரலையே.”

அம்மா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ இப்படி முடிக்கவே மாட்டியே. சின்ன வயசுல நான் ஸ்கூல்ல எழுதின பாட்டையே இதுக்காகக் கிழிச்சுப் போட்டவ நீ.” அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. கண் என் பக்கம் திரும்பியது. “இது ஜில் எழுதினது, இல்ல? பேரும் அவதான் போட்டா.”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் பத்திரிகையை மடிக்க ஆரம்பித்திருந்தான், மிக நிதானமாக, மடிப்புமேல் மடிப்பாக. ஒரு கை கதவுப் பிடியில் இருந்தது.

“நில்லுடா” என்றாள் அம்மா.

அவன் நின்றான்.

“அது நான் எழுதினது.”

அவள் முகத்தைப் பார்த்தேன். காய்ச்சல்காரி முகம்போல இருந்தது. வாழ்நாளில் ஒரு நொண்டி வரியைத் தனதென்று சொல்லியறியாதவள் வேலிக்கு அந்தப் பக்கம் ஷீலாவுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

“எல்லா வார்த்தையும் தேடினேன், ஒண்ணும் அமையல. அதுதான் கிடைச்சுது. சேரலதான், தெரியும். கிட்டத்தட்ட வந்துது, போதும்னு விட்டுட்டேன்.” ஆணியில் தொங்கிய கோப்பைகளின் பக்கம் திரும்பி, ஒன்றை எடுத்தாள். “குளிர் உள்ள வருது. கதவச் சாத்திட்டுக் கோட்டக் கழட்டு.”