மூன்றாவது ஓலை

நான் மீன் விற்கிறவள். கண்டக்டரோடு சண்டை போட்டுக் கூடையை பஸ்ஸில் ஏற்றுகிறவள். கிரேசிக்கு வாய் அதிகம் என்று குளச்சல் ஏலக் கூடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாய் இரண்டு முறை அடைத்துப் போனது. இரண்டுமே பக்கத்து வீட்டு ரெஜின் விஷயத்தில்.

முதல் முறை, போன வருடம் ஊர்த் திருவிழா முடிந்த வாரம். நல்ல மத்தியானம். பின்பக்கம் காயப்போட்ட துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில்தான். அந்தப் பக்கம் ரெஜின் தன் தங்கை ஷிஜியின் கையை அடுக்களைக் கதவு இடுக்கில் வைத்து, கதவின்மேல் சாய்ந்து நின்றான். அவள் யாரோ ஒரு பையனோடு போனில் பேசினாளாம். அவன் குரல் உயரவே இல்லை. "இனி பேசுவியா? இனி பேசுவியா?" என்று பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவன் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தான். ஷிஜி அலறவில்லை. என்னைப் பார்த்தாள்.

அவனும் திரும்பிப் பார்த்தான். சிரித்தான். "சோறு உண்டாச்சா அக்கா?" என்றான். சாய்ந்த உடம்பை எடுக்கவில்லை.

"உண்டாச்சு மக்கா."

அதுதான் நான் சொன்னது. துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். சத்தம் ஏதும் கேட்டுவிடக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டேன்.

ஷிஜிக்கு மூன்று விரலில் கட்டு. கதவில் மாட்டிக்கொண்டதாக ஊரில் சொன்னாள். அடுத்த மாதம் திருப்பூரில் வேலை என்று போனவள் கிறிஸ்துமஸுக்குக்கூட வரவில்லை. ரெஜின் கடலிலிருந்து வரும்போதெல்லாம் எங்கள் வாசலில் நல்ல மீனாக ஒன்று வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தான். "நீங்க நம்ம ஆளுல்லா அக்கா" என்பான். மீன்காரிக்கு எதற்கு மீன் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் குழம்பு வைத்தேன்.

அவனுக்கு முன்னால் எங்கள் குடும்பமே வாய் திறக்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. ஒக்கிப் புயலில் என் புருஷன் மரியஜான் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்தார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்து அவரைத் தூக்கியவன் ரெஜின். அப்போது அவனுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

இரண்டாம் முறை, இந்தத் தை மாதம். எங்கள் பக்கம் கல்யாணம் பேசினால் பையனைப் பற்றிப் பையன் வீட்டில் விசாரிக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டில்தான் விசாரிப்பார்கள். இனயத்திலிருந்து ஒரு அம்மாவும் அவள் அண்ணனும் வந்து என் வீட்டில் உட்கார்ந்தார்கள்.

"பையன் எப்பிடி?"

மதிலுக்கு அந்தப் பக்கம் ரெஜின் பைக் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"குடி கெடையாது. ஞாயிறு பூச தப்பாது. எனக்க வீட்டுக்காரர கடல்லேந்து தூக்கினவனாக்கும்" என்றேன். ஒரு வார்த்தை பொய்யில்லை. தண்ணீர் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

பெண் பெயர் ஜினிஷா. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று. முதல் ஓலையில் தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டாவது ஓலையில் ஆண்கள் பக்கமிருந்து ரெஜின் என்னைத் திரும்பிப் பார்த்தான். அதே சிரிப்பு.

பூசை முடிந்ததும், சாமியாருக்குத் துணையாகக் கோயில் காரியம் பார்க்கிற உபதேசியாரிடம் போனேன். பெயர் சொல்லாமல், எதெல்லாம் தடை என்று கேட்டேன்.

"முன்னாடியே ஒரு கல்யாணம், ரத்த உறவு, இப்பிடி உள்ளதாக்கும் தட. மாப்பிளைக்குக் கோவம் ஜாஸ்திங்கிறதெல்லாம் அதுல சேராது கிரேசி" என்று சிரித்தார்.

அன்று சாயங்காலம் மரியஜானிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவன் இல்லேண்ணா நீ எனக்க போட்டோவுக்கு மால போட்டிருப்ப, ஏட்டி."

"அதுக்கு ஒரு பெண்ணக் கூலியா குடுக்கணுமா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கெட்ட மனுஷன் இல்லை. அவருக்கும் பயம்.

மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், கூடை எடுக்காமல் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். ரெஜின் பைக்கை என் காலருகே கொண்டுவந்து நிறுத்தினான்.

"எங்க அக்கா, கூடை இல்லாம?"

"மருந்து வாங்க. குளச்சலுக்கு."

"அது எதுத்த பக்கம் பஸ்ஸில்லா?" சிரித்தான். "இனயம் வழி போனா நம்ம பெண்ணு வீட்டுல ஒரு எட்டு பாத்துட்டு வாங்க. நீங்க சொன்னா அவியளுக்கு வேதவாக்காக்கும்."

பஸ் வந்தது. ஏறினேன். அவன் பைக்கை எடுக்காமல் அங்கேயே நின்றது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. இடையில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்து, இரண்டு தடவையும் உட்கார்ந்தேன்.

ஜினிஷாவின் அம்மாவுக்கு என்னைக் கண்டதும் கொண்டாட்டம். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஜினிஷா சாயா கொண்டுவந்தாள். லேபில் வேலை பார்க்கிற பெண். மெலிந்த விரல்கள். என் கண் அந்த விரல்களை விட்டு நகர மாட்டேன் என்றது.

"ஒரு காரியம் சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். "அவனுக்குக் கொஞ்சம் கோவம்..."

"எந்த ஆம்பளைக்குக் கோவமில்ல?" அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தகப்பன் இல்லாத பிள்ளையாக்கும். எனக்குப் பயம் இல்லாம இல்ல. ஆனா பக்கத்து வீட்டுல நீங்க உண்டும்லா? அன்னைக்கு உங்களப் பாத்த பொறவுதான் நான் சம்மதிச்சதே. ராத்திரியோ பகலோ, எனக்க பிள்ளைக்க சத்தம் ஒண்ணு கேட்டா ஓடி வருவியள்ளா?"

வருவேன் என்று சொல்வது எவ்வளவு லேசு. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"வரமாட்டேன்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. சிரித்தபடியே பார்த்தாள்.

"ஓடி வரமாட்டேன். ஷிஜிக்கு நான் போவல்ல. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்னு கண்ணால கண்டேன். போவல்ல."

பிறகு கண்டதை ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் கை என் கையை விட்டது. மேஜைமேல் ஜினிஷாவின் போன் அடித்தது. ரெஜின் என்று பெயர் எரிந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. அவள் எடுத்து அணைத்து வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நாளைக்கு ஓல வாசிக்கண்டாம்னு மாமாவ விட்டு ஃபாதருட்டச் சொல்லச் சொல்லும்மா" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அவன் பக்கத்துல இனி நீங்க எப்பிடி இருப்பிய அக்கா?"

பயமாக இருந்தது. ஐந்தரை பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழு மணிக்குத்தான் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.