குங்குமம் வைத்த கும்பிடுபூச்சி

புத்தூர் ஸ்டுடியோவில் என் வேலை, ஊரைவிட்டுப் போகிறவர்களைப் படம் பிடிப்பது. அமெரிக்க விசா என்றால் இரண்டு அங்குலச் சதுரம், இரண்டு காதும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. தாராளமயம் வந்து எங்கள் பக்கத்து ஜனங்களுக்குச் செய்த ஒரே உருப்படியான காரியம், சிரிக்காமல் உட்காரப் பழக்கியதுதான். உட்கார்ந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். நாற்காலியும் வெள்ளைத் திரையும் நானும் மிச்சம்.

அதனால்தான், பள்ளிக்கூடங்களுக்குப் பூச்சிப் படப் புத்தகம் போடும் பெங்களூர் நிறுவனம் ஒன்று ஆள் எடுக்கிறது என்றதும் விண்ணப்பித்தேன். விலங்கியல் படித்திருக்கிறேன், படமும் எடுப்பேன். அவர்கள் கேட்டது ஒரே ஒரு படம். பூச்சி உயிரோடிருக்க வேண்டும். மீசையிலிருந்து வால் வரை தெளிவாக இருக்க வேண்டும். யாரும் தொட்டிருக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் வைத்து விறைக்கவும் வைத்திருக்கக் கூடாது.

அவ்வளவு கிட்டத்தில் லென்ஸுக்கு ஒரு முடி கனம்தான் தெளிவாகத் தெரியும். கண் தெளிந்தால் கால் மங்கும். ஆகவே கேமராவைத் திருகு வைத்த சட்டத்தில் உட்காரவைத்து, துளித்துளியாக நகர்த்தி நாற்பது படம் எடுத்து, தெளிந்த இடங்களை மட்டும் கம்ப்யூட்டரில் சேர்த்து ஒரே படமாக்க வேண்டும். நாற்பதும் முடியும்வரை பூச்சி அசையக் கூடாது. விசா கேட்டு வருகிறவர்களே ஒரு படத்துக்கு அசையாமல் இருப்பதில்லை.

பூச்சி அசையாத நேரம் மார்கழி விடியல். பனியில் விறைத்துக் கிடக்கும், வெயில் பட்டதும் கிளம்பிவிடும். வாரம் முழுக்க இருட்டில் எழுந்து மாந்தோப்பில் குந்தியிருந்தேன். ஒருநாள் காற்று, ஒருநாள் அணில், ஒருநாள் நைனா தண்ணீர் பாய்ச்சப் போட்ட மோட்டார். தூக்கமும் போனது, படமும் வரவில்லை. அந்த லென்ஸும் கேமராவும் என்னுடையவை அல்ல, பெரியம்மா மகன் யஸ்வந்துடையவை. நியூஜெர்சியிலிருந்து லீவில் வந்தவன், மறுநாள் இரவு சென்னையில் விமானம் ஏறுகிறான். அவையும் கூடவே ஏறுகின்றன.

மிச்சமிருந்த அந்த ஒரு விடியலையும் பெரியம்மா தாட்சாயணி எடுத்துக்கொண்டாள். மகனுக்கு கிரீன்கார்டு வர, அடிவாரத்து அலிபிரியிலிருந்து பெருமாள் மலைவரை ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பதாக வேண்டுதல். மஞ்சள்தூள் பை தூக்க ஆள் தேவைப்பட்டது. தூக்கினேன். இன்னொரு தோளில் கேமராவைத் தூக்கினேன்.

கொஞ்ச தூரம் ஏறியதும், படியோரப் புல்லில் ஒரு கும்பிடுபூச்சி. உடம்பெல்லாம் பனித்துளி. கைகூப்பிக்கொண்டு கல்மாதிரி நின்றது. ஸ்டாண்டை யஸ்வந்த் காரிலேயே விட்டுவிட்டிருந்தான். மஞ்சள் பையைப் படியில் கிடத்தி, அதன்மேல் சட்டத்தோடு கேமராவை வைத்தேன். மஞ்சளுக்கு அப்படியொரு உபயோகம் இருப்பது அதுவரை எனக்கும் தெரியாது. வாலிலிருந்து தொடங்கினேன். முகம் கடைசி.

"ரமணா, மஞ்சளு."

"இரு பெரிம்மா, அஞ்சே நிமிசம்."

"இன்னாடா பண்ணிக்கினு கீற? படி காத்துக்கினு கீது."

"அசையாத பெரிம்மா. நீ அசைஞ்சா படி அதிருது."

"நானு அசையாம நின்னா அவனுக்குக் கார்டு நீ குடுப்பியா?"

முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு மூட்டுவலி. ஒரு படியையும் விடக் கூடாது என்பது வேண்டுதல். ஒரு படத்தையும் விடக் கூடாது என்பது என்னுடையது. யஸ்வந்த் கீழே நின்று, ஏறி வருகிறவர்களிடம் "எக்ஸ்க்யூஸ் மீ, ஒன் மினிட்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். மொட்டை போட்ட ஒருவர் எட்டிப் பார்த்து, பூச்சிக்குக்கூட ஸ்பெஷல் தரிசனமா என்று தெலுங்கில் கேட்டுவிட்டு, கோவிந்தா சொல்லி ஓரமாக ஏறிப் போனார்.

வயிறு முடிந்தது. கழுத்து முடிந்தது. முகம் மட்டும் பாக்கி. கிழக்கே வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. பெரியம்மாவின் விரலில் குங்குமம் தயாராக இருந்தது. மஞ்சள் இல்லாமல் படிக்கு வைக்க முடியாது. அந்த விரல் எங்காவது போயாக வேண்டும்.

"பாவம்டா, எம்மாம் நேரமா கும்பிட்டுக்கினு கீது. நம்ம யஸ்வந்து ஒருநாளாச்சும் இப்பிடிக் கும்பிட்டிருப்பானா?"

சொல்லிக்கொண்டே குனிந்து, பூச்சியின் நெற்றியில் பொட்டு வைத்தாள்.

"பெரிம்மா!"

"இன்னா பெரிம்மா? நல்லதுதானே."

பூச்சி அசையவில்லை. அவ்வளவு குளிர். நான் என்ன செய்வது? முகத்தை எடுத்தேன். கடைசிப் படம் விழுந்ததும் வெயில் வந்தது, பூச்சி பறந்தது. பெரியம்மா பையைப் பிடுங்கிக்கொண்டு ஏறினாள்.

வீட்டில் சேர்த்துப் பார்த்தேன். முள் முள்ளாகக் கால்கள், கண்ணுக்குள் தேன்கூடு, மீசையில் பனி. நடுவில் குங்குமம், ஒவ்வொரு துகளும் தனித்தனியாக. அழித்திருக்கலாம். அழித்தால் கூடவே ஒரு கண்ணும் போகும். அதோடு விசாப் படத்தில் மச்சத்தைக்கூட அழிக்கக் கூடாது என்று பழகிப்போன கை. அப்படியே அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து பெங்களூரிலிருந்து ஓர் அம்மாள் பேசினார்.

"படம் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா நாங்க உயிரோட இருக்கற பூச்சி கேட்டிருந்தோம்."

"உயிரோடதான் மேடம் இருந்துச்சு."

"பொட்டு வெச்சிருக்கீங்களே. எங்க மாமனார் படத்துக்கும் இப்படித்தான் வெச்சிருக்கோம்."

"மேடம், படத்துக்கு வைக்கல. பூச்சிக்குத்தான் வெச்சாங்க. எங்க பெரியம்மா."

"அப்போ தொட்டிருக்காங்க."

செத்திருந்தால் ஒரு விதி இடிக்கும், உயிரோடிருந்தால் தொடக் கூடாது என்ற விதி இடிக்கும். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த ஆள் நாற்காலியில் தயாராக இருந்தார். காதை மறைத்த முடியை ஒதுக்கச் சொன்னேன்.

தை பிறந்ததும் பெரியம்மா போன் செய்தாள். கிரீன்கார்டு வரிசை நகரவே இல்லையாம்.

"நீ பைய வெச்சிக் குந்தின பாரு, அந்தப் படிக்கி நானு ஒண்ணுமே வெக்கலடா. அதாங் நிக்கிது. என் முட்டி போச்சி. நீ போய் வெச்சிட்டு வா."

அந்த வரிசையில் இந்தியா முழுக்க நிற்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவர்கள் எல்லாம் எந்தப் படியை விட்டார்கள் என்று கேட்டாள்.

போனேன். எந்தப் படி என்று தெரியவில்லை. அந்த வளைவில் தெரிந்த படிகளுக்கெல்லாம் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். இடுப்பு விட்டுப்போனது. கடைசிப் படிக்குக் குனிந்தபோது ஓரப் புல்லில் ஒரு கும்பிடுபூச்சி, அதுவோ வேறொன்றோ. நெற்றியில் ஒன்றுமில்லை. நாற்பது படம் எடுக்கும் நேரத்துக்கு மேலாகவே அசையாமல் நின்றது.

கேமரா நியூஜெர்சியில் இருந்தது.