நாலாம் நம்பர் மலையில் யாரும் இறங்கவில்லை

எங்கள் மேட்டு லயத்து ஆண்களுக்கு ரோசம் அதிகம். கழுவத்தான் கை வராது.

மஸ்கெலியாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளாக இருக்கிற எங்கள் லயத்துக்குப் புதுப் பொதுக் கக்கூஸ் வந்தது போன வருடம்தான். பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம். அதற்கு முன் இருந்தது கவனிப்பார் இல்லாமல் நாறிப்போய், கதவில் ஆணி அடித்து மூடப்பட்டது. பிறகு விடியுமுன் தேயிலைக்குள் ஒதுங்கினோம். அட்டை கடித்த இடத்தை வெளியில் சொல்லவும் முடியாது. அதனால் இந்த முறை பொறுப்பைப் பெண்களே எடுத்தோம். கிருஷாந்தியைத் தலைவியாக்கினோம். வாரத்துக்கு ஒரு வீட்டின் முறை. பெண்கள் பக்கத்தைப் பெண்கள் கழுவ வேண்டும், ஆண்கள் பக்கத்தை ஆண்கள்.

முதல் முறை கிருஷாந்தி வீட்டுக்கே வந்தது. அவள் புருஷன் வீரய்யா எங்கள் கோயில் தலைவர். வாளியைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார்.

"கோயில் தலைவரு கக்கூஸ் கழுவுனா ஊரு சிரிக்காதா? அதையும் நீயே கழுவு."

"எங்க பக்கத்த கழுவிட்டேங்க. ஒங்க பக்கத்த நீங்கதான் கழுவணும்."

அவர் கழுவவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் கழுவவில்லை. நாற்றம் தாங்காமல் கிருஷாந்தி ஆண்கள் பக்கத்தைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "எங்களுக்கா எடமில்ல?" என்று அவர்கள் லயத்துக்குக் கீழே நாலாம் நம்பர் மலைக்குள் இறங்கினார்கள். அந்தத் தேயிலையில் கொழுந்து எடுப்பது யார் என்று அந்த மகாராசாக்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"பழச மாதிரி இதையும் நாறுதுன்னு மூடிட்டாங்கன்னா எம்மக சுதர்ஷினி எங்க போவா அக்கா?" என்று கிருஷாந்தி என்னிடம் அழுதாள். "இப்பத்தான் வயசுக்கு வந்துருக்கா. அவள தேயிலைக்குள்ள அனுப்ப மாட்டேன்."

அடுத்த வாரம் நாலாம் நம்பரில் கொழுந்து. காலைப் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுத்ததும் மலை ஓரத்துக்குப் போனோம். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டினோம், கூடையை மாட்டினோம், இறங்கவில்லை. தகவல் கேட்டு, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்தார். பக்கத்து மலையில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த ஆண்களும் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

"எறங்காட்டி இன்னைக்கி ஒருத்திக்கும் பேரு இல்ல!" என்று கண்டாக்கு ஐயா கத்தினார்.

பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு. ஆனாலும் ஒருத்தியும் நகரவில்லை.

"பேரு வேணாங்க ஐயா," என்றாள் கிருஷாந்தி. "நீங்க மொதல்ல செடிக்கு நடுவுல ஒரு நெரை நடந்து காட்டுங்க. நாங்க பின்னாலயே வாறோம்."

முழங்கால்வரை வெள்ளைக் காலுறையும் பளபளக்கும் சப்பாத்துமாக அவர் விறுவிறுவென்று இறங்கினார். கொஞ்ச தூரத்தில் நின்றார். ஒரு காலைத் தூக்கினார். அதை வைக்க இடம் தேடினார். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தார். சிரிப்பை அடக்கி எனக்கு விலா நொந்தது.

"யாரு செஞ்ச வேல இது?"

நாங்கள் ஆண்களைப் பார்த்தோம். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"மம்பட்டிய எடுங்க! இந்த மலை சுத்தமாகுற வரைக்கும் ஒங்களுக்கும் பேரு இல்ல!"

அன்று முழுக்க அவர்கள் நிரை நிரையாக மண்வெட்டியோடு குனிந்து கிடந்தார்கள். சாயங்காலம் வீரய்யாவை முன்னால் விட்டுக்கொண்டு கூட்டமாக எங்களிடம் வந்தார்கள்.

"சாவிய குடு," என்றார்.

ஒரு கையில் சாவியும் மறு கையில் பிரஷும் நீட்டினாள் கிருஷாந்தி. "ரெண்டையும் சேத்துத்தாங்க குடுப்பேன்."

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். துணைக்கு ஒரு முகமும் நிமிரவில்லை. இரண்டையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தண்ணீர் ஊற்றும் சத்தமும் தேய்க்கும் சத்தமும் கேட்டன. சாரத்தை மடித்துக் கட்டியபடி வேர்த்து வெளியே வந்தபோது, நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து குலவை போட்டோம். கீழ் லயத்துக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அப்படி ஒரு சந்தோசம் எனக்கு. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கிருஷாந்தி மட்டும் சிரிக்காமல் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மூலையில இன்னும் அழுக்கு இருக்குங்க. திரும்பத் தேய்ங்க."

கோயில் தலைவர் வாளியைத் தூக்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனார்.