பாலிஷுக்கு மேல் வைத்த மை

இரும்பைக் கடைகிறவன் மரத்தைக் கடையக் கூடாதென்று சட்டமா இருக்கிறது? டென்னிஸ் அப்படித்தான் சவடால் விட்டுக்கொண்டு, தங்கை வின்னிக்காக ஒரே மேப்பிள் பலகையிலிருந்து இரண்டு பேஸ்பால் மட்டைகள் கடைந்திருந்தான். கனரகத் தொழிற்சாலையில் டர்னர், வேலை சுத்தமாக இருக்கும். ஒரு மட்டை இப்போது நந்திதுர்க் மைதானத்தில் வின்னியின் கையில் இருந்தது. மற்றது கம்பிவேலிக்கு வெளியே அவன் மடியில்.

மாநிலப் பெண்கள் அணிக்கு இன்று தேர்வு. வின்னிக்கு இன்னும் இரண்டு பந்து பாக்கி. ஒன்றை நன்றாக அடித்தால் போதும், இடம் கிடைத்த மாதிரிதான். கோச் மம்தா முதலிலேயே கறாராகச் சொல்லியிருந்தாள்: "வெளியிலேர்ந்து யாராச்சும் கத்துனா, அவங்க வீட்டுப் பொண்ணு அவுட். பேச்சே இல்ல."

முந்தின பந்து பட்டபோது மட்டை டங்கென்று ஒலிக்காமல் சத்தென்றது. விரிசலா? டென்னிஸ் மடியிலிருந்த மட்டையைத் திருப்பிப் பார்த்தான்.

மரத்தின் ரேகை பிடியிலிருந்து நுனிவரை நேராக ஓடவேண்டும். சாய்ந்தால் மட்டை ஈட்டியாகப் பிளந்து பறக்கும். பிடியில் ஒரு சொட்டு மை வைத்தால் அது ரேகை வழியே ஊறிக் காட்டிவிடும். டென்னிஸும் வைத்தான். எப்போது? ஃபேக்டரியில் எல்லாம் முடித்து, பளபளவென்று துடைத்த பிறகுதானே இன்ஸ்பெக்ஷன்! அதே பழக்கத்தில் பாலிஷ் போட்டுவிட்டு அதன்மேல் வைத்தான். பாலிஷ் மரத்தை அடைத்திருந்ததால் மை ஊறாமல் அசையாமல் நின்றது. நேராக இருக்கிறதென்று நினைத்துக்கொண்டான், மடையன்!

அதன் பிடியிலிருந்த பாலிஷைச் சாவியால் பரபரவென்று சுரண்டினான். பேனாவை உதறி ஒரு சொட்டு விட்டான். மை கோணலாக இழுத்துக்கொண்டு ஓடியது.

பந்து போடும் பல்லவி கையை உயர்த்திவிட்டாள். மட்டை பிளந்தால் நேராக அவள்மேல்தான். வாயைத் திறந்தால் வின்னி கதை முடிந்தது. ஐயோ ஏசுவே!

"அடிக்காத வின்னி! கீழ போடு!"

வின்னி திடுக்கிட்டு மட்டையை இறக்கினாள். பந்து அவளைக் கடந்து போனது. மம்தா கையை ஆட்டினாள். "அவுட். வெளிய வாம்மா."

வின்னி மட்டையோடு வேலிக்கு வெளியே அவனிடம் ஓடிவந்தாள். "இன்னாத்துக்குக் கத்துன?"

அவன் மை ஓடிய பிடியைக் காட்டினான். "இதே பலகைதான் உன்னுதும். ஒடைஞ்சிருக்கும்."

"ஒடையுமா? பாக்கலாம்!" வேலியின் இரும்புக் கம்பத்தில் ஓங்கி அடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா? நல்லாதான் இருக்கு! என் வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டியேடா, பாவி!" அழுதுகொண்டே மறுபடி அடித்தாள்.

படீரென்று மட்டை பிளந்தது. ஒரு முழ நீளத் துண்டு சுழன்று வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் போய் விழுந்தது. பல்லவி குனிந்து எடுத்தாள். அதன் கூரான முனையைப் பார்த்ததும் கீழே போட்டுவிட்டுத் தன் கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

வின்னி ஆவலோடு மம்தாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க அண்ணன் செஞ்சது சரிதாம்மா," என்றாள் மம்தா. "ஆனா இப்ப உன்னை விட்டா, வேலி பூரா கத்துவாங்க. அடுத்த வருசம் வா." அடுத்த பெண்ணைக் கூப்பிட்டாள்.

டென்னிஸ் பிளந்த பிடியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "தப்பு என்னுதுதான் வின்னி."

வின்னி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"நீ கத்தலன்னா அந்தப் பொண்ணு செத்திருப்பாண்ணா. எனக்குத் தெரியுது. ஆனாலும் நீ கத்தாம இருந்திருக்கலாமேன்னுதான் தோணுது."

தான் சொன்னதைத் தானே கேட்டுப் பயந்துபோய், அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.