சேஸிஸில் ஒரு விரிசல்

மிரோனின் ஜீப்பை டிராக்டரில் கட்டி இழுத்து என் பட்டறையில் விட்டபோது பனி உருகத் தொடங்கியிருந்தது. முன்சக்கரங்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்தன. கூடவே வந்த இலிங்கா, மிரோனின் மனைவி, துக்கத்துக்கான கறுப்பு முக்காட்டில் இருந்தாள். எங்கள் மலையில் ஏழு ஊருக்கும் அவள்தான் மாட்டு டாக்டர்.

"கவ்ரில்ண்ணே, மே மாசம் ஆடெல்லாம் மேல பட்டிக்குப் போயிடும். அதுக்குள்ள வண்டி வேணும்."

"பண்ணிடலாம்மா."

ஜனவரியில் மிரோன் காட்டுவழியில் விறகு ஏற்றி வரும்போது ஸ்டியரிங் கைவிட்டது. வண்டி ஓடையோரம் சரிந்து நின்றது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஃபோனில் சிக்னல் கிடைக்காததால் முழங்கால் பனியில் நடக்கத் தொடங்கினான். ஊருக்கு ஒன்பது கிலோமீட்டர். ஆறாவது கிலோமீட்டரில் நெஞ்சு நின்றுவிட்டது.

வண்டியைத் தூக்கி அடியில் படுத்துப் பார்த்தேன். ஸ்டியரிங் பாக்ஸைத் தாங்கும் இடத்தில் சேஸிஸ், வண்டியின் அடிச்சட்டம், கிழிந்து தொங்கியது. கிழிசலின் ஓரத்தில் ஒரு பழைய வெல்டிங். என் கைவேலை எனக்குத் தெரியாதா?

போன இலையுதிர் காலத்திலேயே அந்த விரிசலைக் காட்டி மிரோனிடம் சொல்லியிருந்தேன். "டேய், இது ரெண்டு நாள் வேலை. பாக்ஸைக் கழட்டி உள்ள தகடு வெக்கணும்."

"உன்னோட ரெண்டு நாள் எனக்குத் தெரியாதா? அதுக்குள்ள ஒரு சர்ச்சே கட்டி முடிச்சிடுவாங்க. இப்ப ஒரு ஒட்டு மட்டும் போடு, கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் கொண்டாறேன்."

சிரித்துக்கொண்டே ஒட்டினேன். கிறிஸ்துமஸுக்குப் பன்றி அடித்த விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து பிளம் சாராயம் குடித்தோம். வண்டியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

இப்போது பாக்ஸைக் கழற்றினேன். பெயின்ட்டைச் சுரண்டி, விரிசல் மேலும் ஓடாதபடி அதன் முனையில் துளை போட்டேன். பிறகு விரிசலை நிரப்பி, மேலே ஐந்து மில்லிமீட்டர் தகடு வைத்து வெல்டிங் செய்தேன். போல்ட் இறுகும்போது சேஸிஸ் நசுங்காதிருக்க உள்ளே குழாய்த் துண்டுகள். முன்சக்கரங்களை இணைக்கும் டை ராடு வளைந்திருந்தது; அதற்குப் பதில் தடித்தது ஒன்று. சரியாக இரண்டு நாள் ஆயிற்று.

வண்டியை எடுக்க இலிங்கா வந்தாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

"இலிங்கா, விரிசல் இருந்தது எனக்குத் தெரியும். ஒட்டு தாங்காதுன்னும் தெரியும். நான் வண்டியைக் குடுத்திருக்கக் கூடாது."

அவள் குனிந்து வண்டிக்கடியில் புதுத் தகட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"அவரு எங்கிட்டயும் சொன்னாரு, ரெண்டு நாள் வண்டி இருக்காதுன்னு. ஒரு நாள்கூட முடியாது, மாடுங்களுக்கு ஊசி போடற நேரம்னு நாந்தான் கத்துனேன்."

"அதுக்காக நீ..."

"வேணாம்ண்ணே. எனக்கு நீங்க ஆறுதல் சொல்லாதீங்க. உங்களுக்கும் எங்கிட்ட ஆறுதல் இல்ல."

சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

அதற்குப் பிறகு அவள் என் பட்டறைக்கு வரவேயில்லை. ஆயில் மாற்றக்கூட நாற்பது கிலோமீட்டர் தள்ளி டவுனுக்குப் போகிறாள் என்றார்கள். ஜூனில் ஒருநாள் மலைச்சாலையில் நடந்து போகும்போது எதிரே அந்த ஜீப் வந்தது. வழி விட்டு ஒதுங்கி நின்றேன். கொண்டை ஊசி வளைவில் கொஞ்சமும் தடுமாறாமல் திரும்பி மேலே ஏறியது. இலிங்கா என்னைப் பார்த்தாள்; தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனாள். நான் சாலையோரம் உட்கார்ந்து அழுதேன்.