கிளையில் கட்டிய பை

மத்தியான வெயிலில் அவள் ஒரு கன்றின் கிளைக்குக் கண்ணாடி போலத் தெரியும் பை மாட்டி, அதன் வாயைச் சுருக்கிக் கட்டி, மெல்லிய குழாயைச் செருகினாள். இலைகள் விடும் ஆவியைக் குழாயின் மறுமுனையில் இருந்த கருவி அரைமணி நேரம் இழுத்துச் சேர்க்கும். நகராட்சி நாற்றங்காலில் இந்த முந்நூறு கன்றுகளைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தவர் அவள் கணவர். அவற்றை பஸ் நிலையச் சாலையில் நடலாமா என்று காற்றுத்தரப் பிரிவிலிருந்து அறிக்கை எழுத வேண்டியவள் அவர் வீட்டுக்காரி. வேறு ஆளே கிடைக்கவில்லையாம்.

"கன்னுங்க மூச்சு விட்டாக்கூட தப்பா, ஆபீசரம்மா?" என்றார் பக்கத்தில் நின்ற கணவர்.

"மூச்சு மேல தப்பே இல்லீங்க. பஸ் புகையோட சேர்ந்து வெயில்ல கிடந்தா ஓசோன் ஆயிடும். பஸ்ஸுக்கு நிக்கிறவங்களுக்கு நெஞ்சு எரியும். இந்த வகை மத்ததைவிட நிறைய விடுது. இப்ப எடுக்கிற கடைசி மாதிரியும் அப்படியே வந்தா, வேண்டாம்னு எழுதிடுவேன்."

"மாதிரி கெட்டுப்போச்சுன்னா?"

"மறுபடி எடுக்க நேரமில்ல. என் அறிக்கை இல்லேன்னா திங்கக்கிழமை நட ஆரம்பிச்சிடுவாங்க."

சொல்லிவிட்டுக் குறிப்பேட்டில் குனிந்துகொண்டாள். அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. காலையில் அவளே கொடுத்த ஆரஞ்சு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் குழாயருகே ஆரஞ்சை உரித்து, தோலின் வாசனை மாதிரியில் கலந்து, ஒருநாள் உழைப்பையே பாழாக்கியவள் அவள். பதினோரு வருடமாக அதைச் சொல்லியே அவளை ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது தோலில் நகத்தை வைத்தார். ஒரு அழுத்து போதும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் பிடரியில் வியர்வை வழிந்தது. வாசனை சேரக்கூடாதென்று எண்ணெய் வைக்காத முடி பறந்துகொண்டிருந்தது. எல்லாம் அவருடைய கன்றுகளின் மூச்சுக்காக. அவருக்கு அவள்மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. காற்று எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்து, நாற்றங்காலின் கடைக்கோடிச் சுவர்வரை நடந்தார். அங்கே உரித்தார். தண்ணீர்க் குழாயடியில் இரண்டு முறை கை கழுவினார். அவள் கருவியை மூடிய பிறகுதான் பாதிப் பழத்தோடு திரும்பி வந்தார்.

"அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம்," என்றாள் தலை நிமிராமல்.

எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்! அவர் அசட்டுச் சிரிப்போடு பையின் முடிச்சை அவிழ்த்தார், ஒரு இலைகூட உதிராமல்.

"இதுங்களை வேற எங்க நடறது?"

"புகை இல்லாத இடத்துல."

"அப்படி ஒரு இடம் சொல்லேன்."

அவள் ஒரு சுளையை அவர் வாயில் திணித்தாள். சுவருக்கு அப்பால் ஒரு பஸ் புகை கக்கிக்கொண்டு போனது. அது கிளப்பிய காற்றில் முந்நூறு கன்றுகளும் தலையாட்டின.